சொல்ல ஏதுமற்றோர் வழி

ஜெனிலா,
தோகாவில் இறங்கியதும் கூட்டத்தோடு வெளியே போய்விடாதே.
அது நீ போகிற ஊர் இல்லை.
மாறிச் செல்வோர் என்று பலகை இருக்கும், அந்தப் பக்கம் நட.
பெட்டியைத் தேடாதே.
அது உன்னைவிட விவரமானது,
தானே மாறி ஏறிக்கொள்ளும்.

இப்படித் தொடங்கிப் பதினேழு குரல்செய்திகள்.
எட்டாம் அறை க்ரூகருக்குச்
சலைன் பாட்டில் மாற்றிவிட்டு வரும் வழியில்,
அழுக்குத்துணிக் கிடங்கில், லிஃப்ட்டில்
இரவுப்பணி முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தேன்.
எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சாம்பல் குறி.
கருங்கடலுக்கு மேலே எங்கோ
வாய் பிளந்து தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிராங்க்பர்ட் பெரிது, பிள்ளே.
குளச்சல் சந்தையைப் பத்து மடங்காக்கிக்
கண்ணாடி போட்டு மூடி,
சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி.
உனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்தான்.
எதற்கு வந்தாய் என்பார்கள்.
வேலைக்கு என்று சொல். மருத்துவமனையின் பெயரைச் சொல்.
அப்பாவின் வள்ளம் கடனில் நிற்பதையெல்லாம் சொல்லாதே.

இன்னொரு கூத்து கேள்:
கையிலிருக்கும் பைக்குச் சுங்கம் அங்கே,
கவுண்டரில் போட்ட பெட்டிக்குச் சுங்கம் இங்கே, லைப்சிக்கில்.
ஒரே ஆள்தான்,
இரண்டு தவணையாக நாட்டுக்குள் நுழைகிறாய்.

நெத்திலிக் கருவாடு வரலாம். தேங்காய் வரலாம்.
கறிவேப்பிலைக்குத் தாள் கேட்பார்கள், வேண்டாம்.
நெய் கூடவே கூடாது.

நெய்யைப் பற்றி மட்டும் மூன்று செய்திகள் அனுப்பியிருந்தேன்.
ஏன் மூன்று என்று
அப்போது என்னை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

காலையில் பணி முடித்து, சீருடை மாற்றாமல்
விமான நிலையக் கதவுக்கு எதிரே நின்றேன்.
செல்லோவைக் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.
சேறு காயாத பூட்ஸோடு ஒருவன் வந்தான்.
கதவு மூடியது.
நாற்பது நிமிடம் மூடியே இருந்தது.

பிறகு அவள், பெட்டியை உதைத்துத் தள்ளியபடி:
“ஃபோனில் உயிரே இல்லையக்கா, தோகாவுக்கு முன்னமே போச்சு.
பதினொரு பேரிடம் கேட்டேன்.
இரண்டு பேர் தப்பாகச் சொன்னார்கள்.”

“இங்கே இரண்டு வழி இருந்தது.
எல்லாரும் பச்சையில் போனார்கள்.
எனக்குத்தான் சொல்ல இருந்ததே,
நான் சிவப்பில் போனேன்.
அம்மா உங்களுக்கென்று உருக்கிய நெய் இருக்கிறது என்றேன்.
முதலில் என் வினைச்சொல்லைத் திருத்தினார்,
பிறகு நெய்யை எடுத்துக்கொண்டார்.
நெத்திலிப் பொதியைப் பிரித்தார்.
பிரித்த வேகத்தைவிட வேகமாகக் கட்டினார்.”

க்ரூனாவில் ஐந்தாம் மாடி.
நெத்திலி வறுபடுகிறது,
எல்லா ஜன்னல்களும் திறந்திருக்கின்றன,
பக்கத்து வீட்டு பால்கனியில் யாரோ இருமுகிறார்கள்.
“நெய் போச்சேயக்கா” என்கிறாள் மறுபடியும்.

அரிசி மூட்டைக்குப் பின்னால் கைவிட்டு எடுத்தேன்.
இரண்டு வருடத்துக்கு முன்
நைட்டிக்குள் சுருட்டி, முகத்தைக் கழுவி வைத்ததுபோல் வைத்துக்கொண்டு
பச்சை வழியில் நான் கொண்டுவந்த பாட்டில்.
யாரும் நிறுத்தவில்லை.
அதன்பின் ஒரு நாளும் திறக்கவில்லை.
தபால்பெட்டியில் அரசு உறை விழும்போதெல்லாம்
இதற்காகத்தான் என்று வயிறு பிசைந்திருக்கிறது.

மூடி பிடித்துக்கொண்டு திறந்தது.
காறல் வாடை.

“இது எப்படியக்கா வந்தது?”

நான் வாயெடுப்பதற்குள்
மேசையில் சார்ஜில் கிடந்த அவள் ஃபோன் கண் விழித்தது.
ஒன்றன்பின் ஒன்றாகப் பதினேழு.
எதையோ அழுத்தினாள்.
அடுக்களை முழுக்க என் குரல், மிக உறுதியாக:
நெய் கூடவே கூடாது, பிள்ளே.